யூனிஸின் நாக்கு

முதல் விள்ளலில் ஒன்றும் தெரியவில்லை. பேரீச்சம்பழம், வெண்ணெய், அளவான ஈரம்.

விழுங்கிய பிறகுதான் வந்தது. அடிநாக்கில், மெல்ல. ஆப்பசோடா கூடிப்போன கசப்பு.

அவள் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

யூனிஸ் அடுப்பு மேடையில் சாய்ந்து அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடங்களுக்கு முன் வந்த ஒரு காய்ச்சல் யூனிஸின் ருசியையும் வாசனையையும் கொண்டுபோய்விட்டது. இந்தச் சமையலறையில் நிற்கும் இருவரைத் தவிர அது யாருக்கும் தெரியாது. கூடத்தில் காத்திருக்கும் கம்பெனி மேலாளருக்குக்கூட.

யூனிஸின் பெயரில் கம்பெனி விற்கும் கேக் மாவில் புது ரகம் வரும்போதெல்லாம் அவள் வந்து சுவைப்பாள். காதோடு சொல்வாள். யூனிஸ் கூடத்துக்குப் போய் அதைத் தன் வாக்கியமாகச் சொல்வாள்.

இது புதிதல்ல. வாரப் பத்திரிகைக்காக ஓட்டல் ஓட்டலாகச் சாப்பிட்டு எழுதிய காலத்திலும் இருவரும்தான் போனார்கள். நாக்கு அவளுடையது, பேனா யூனிஸுடையது. பத்தியில் ஒரு பெயருக்குத்தான் இடம் என்றார் ஆசிரியர்.

இப்போது மளிகைக் கடையில் யாரும் கேக் மாவு கேட்பதில்லை. ‘ஒரு யூனிஸ் குடுங்க’ என்கிறார்கள். பேரனின் பிறந்தநாளுக்கு அவள் மகளும் அப்படித்தான் கேட்டாள்.

அப்போது அவள் மகளின் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

“என்னடி, ஊமையாயிட்ட? அவரு ரெண்டாவது காப்பியும் குடிச்சு முடிச்சுட்டாரு” என்றாள் யூனிஸ்.

யூனிஸ் சரி என்றால் தீபாவளிக்குள் பெட்டிகள் கடைக்குப் போய்விடும். ஊரெல்லாம் இந்தக் கசப்பு. அதன் மேல் அந்தப் பெயர்.

ருசி விஷயத்தில் அவள் இதுவரை யாரிடமும் பொய் சொன்னதில்லை.

“நல்லா இருக்கு” என்றாள். “ஒண்ணும் மாத்த வேணாம்.”

யூனிஸ் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

பேச்சு கேட்டது. ஒரு சிரிப்பு. பிறகு மேலாளரின் குரல் தணிந்தது. யூனிஸின் குரல் மட்டும் எதையோ விடாப்பிடியாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

எட்டு அடி வைத்தால் கூடம். ஒரு வார்த்தை போதும்.

அவள் தட்டைக் கழுவினாள்.

யூனிஸ் திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது.

“சொல்லிட்டேன்டி. காய்ச்சல்ல போனது, நீ வந்து ருசி பாக்குறது, எல்லாத்தையும். இந்தப் பெட்டில என் பேருக்குப் பக்கத்துல உன் பேரும் வரலன்னா கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டேன். மொதல்ல மூஞ்சத் தூக்கினாரு. அப்புறம் சரின்னுட்டாரு. பேர எழுதிக் கேக்குறாரு.”

யூனிஸின் கையில் மேலாளரின் பேனா இருந்தது.

“ஆமா, நீ இனிஷியல முன்னாடி போடுவியா, பின்னாடியா?”

அவள் சொம்பை எடுத்து ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள்.

“முன்னாடி” என்றாள்.