கல்லில் கடைசி வரி

மன்னர்கள் கல்வெட்டு வெட்டினார்கள் என்று சரித்திரப் புத்தகங்கள் சொல்வது பெரும்பிழை. வெட்டியவர் கல்தச்சர். மன்னர் நிழலில் உட்கார்ந்திருந்தார்.

பல்கலைக்கழகப் பதிவாளருக்கு இந்த உண்மை தெரியும். ஆகவே கல்தச்சர் போன் செய்ததும் நேரே பட்டறைக்குக் கிளம்பினார்.

"சார், புது நூலகத்துத் திறப்புவிழாக் கல்லுல ஒரு பேரை எடுக்கணும்னு மில்லுக்காரம்மா வந்து சொல்லிட்டுப் போனாங்க..." என்பது வரைதான் கேட்டார். மிச்சத்துக்குப் பொறுமையில்லை, போனை வைத்துவிட்டார்.

நூலகம் மில்லுக்காரர் குடும்பம் கட்டிக் கொடுத்தது. விடுதி, ஆய்வுக்கூடம் எல்லாமும் அவர்கள் உபயம்தான். வாசலுக்கு வாசல் அவர்கள் பேர். புதுக் கல்லின் கடைசி வரியில், பொடி எழுத்தில், பதிவாளர் பேரும் இருந்தது.

"இருக்கிற பேரெல்லாம் பத்தாதாம். என் இடமும் வேணுமாம்!" என்றார் காரில்.

"ஒரு பேருதானே சார், போனாப் போகுது" என்றார் டிரைவர்.

"போனாப் போகுதா? மாசக் கடைசியில நானே ரிட்டயராகிப் போறேன்யா! முப்பது வருஷ உழைப்புக்கு மிஞ்சப் போறது அந்த ஒரு வரிதான்."

பட்டறை வருவதற்குள், விழா உரையின் இரண்டாம் பக்கத்தைப் புதிதாக எழுதி முடித்திருந்தார். 'பேருக்காகக் கொடுப்பது கொடையா?' என்று தொடங்கியது அது. போகப் போகச் சூடு ஏறியது.

கல்தச்சர் கல்லின் மேலிருந்த சாக்கை விலக்கினார். "இன்னும் உளி வைக்கல சார். சாக்பீஸ்லதான் எழுதியிருக்கேன்."

"என் பேரை அழிச்சாச்சா?"

"உங்க பேரா? நீங்கதான் பாதியில போனை வெச்சிட்டீங்களே! அவங்க எடுக்கச் சொன்னது அவங்க குடும்பத்துப் பேரை."

பதிவாளர் குனிந்தார். மேல் வரி அழிந்திருந்தது. கடைசி வரியின் ஒவ்வொரு எழுத்தும் விரல் நீளத்துக்கு வளர்ந்திருந்தது.

"'எங்க பேருதான் எங்க திரும்பினாலும் இருக்கே. ஊர்ப் பிள்ளைங்க பட்டத்துல எல்லாம் கையெழுத்துப் போட்ட மனுஷன், அவர் பேரைக் கண்ணுக்குத் தெரியற மாதிரி வெட்டுங்க'ன்னாங்க. சரியா இருக்கா சார்?"

பதிவாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இனிஷியலுக்குப் பக்கத்துல ஒரு புள்ளி வைக்கணும்" என்றார்.

விழாவில் அவர் உரையின் முதல் பக்கத்தை வாசித்தார். பிறகு மூன்றாம் பக்கத்தை வாசித்தார்.