இருபத்துநாலு டிகிரி

தள்ளிவிட்டான்.

கட்டின புருஷன்தான். முதுகில் இரண்டு கையையும் வைத்து, பலங்கொண்ட மட்டும்.

உப்புத் தண்ணியின் டிகிரி பார்க்கிற கண்ணாடிக் குழாய் அவள் கையிலிருந்து நழுவிக் கரையில் நொறுங்கியது. அவள் உப்புத் தண்ணிக் குழிக்குள் விழுந்தாள். ஒன்றரை ஆள் ஆழம். உச்சி வெயில். உப்பளத்து ஆட்கள் எல்லாரும் கஞ்சி குடிக்கக் கொட்டகைக்குப் போயிருந்த நேரம்.

"வாபஸ் வாங்குதியா, இல்லையாட்டி?" என்று மட்டும்தான் கேட்டிருந்தான். மகளிர் காவல் நிலையத்தில் அவள் கொடுத்த புகாரை.

மாட்டேன் என்றிருந்தாள் பேச்சித்தாய். பத்து வருஷம் அடி வாங்கியவள் சொன்ன முதல் மாட்டேன்.

அவளுக்கு நீச்சல் தெரியாது. அது அவனுக்குத் தெரியும். நல்லாவே தெரியும்.

தண்ணியைப் பற்றித்தான் அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது.

கடலிலிருந்து வரும்போது அதன் உப்புக் கனம் மூன்று டிகிரி. பாத்தி பாத்தியாகக் காய்ந்து இந்தக் குழிக்கு வரும்போது இருபத்துநாலு. பத்து லிட்டர் குடத்தில் பிடித்தால் பன்னிரண்டு கிலோ நிறுக்கும். இப்போதுதான் அளந்திருந்தாள். அவ்வளவு கனத்த தண்ணி ஆளை உள்ளே விடாது.

மேலே தூக்கியது.

அவன் உப்பு வாருகிற, நீளக் கம்பு வைத்த பலகையை எடுத்தான். நெஞ்சில் வைத்து அமுக்கினான்.

போனாள். வந்தாள்.

மறுபடி அமுக்கினான். பலகை விளிம்பு கழுத்தைக் கிழித்தது. கிழிந்த இடத்தில் உப்பு ஏறியது. ஐயோ, அந்த எரிச்சல் எதிரிக்கும் வரக் கூடாது.

கத்த வாயைத் திறந்தாள். வாய் நிறையத் தண்ணி. குடல் வரை எரிந்தது.

கத்தினால் அமுக்குவான். கை காலை அடித்தால் அமுக்குவான்.

சும்மா கிடந்தாள்.

மல்லாந்து, கண்ணை மூடி, வாயைப் பிளந்து.

அவள் புருஷன் சீனிராஜ் கிணற்றுப் பாசனத்து ஊர்க்காரன். அவன் பார்த்த கிணற்றில் உயிருள்ளது முங்கும், செத்ததுதான் மிதக்கும். இருந்தாலும் பலகையால் இரண்டு தரம் குத்திப் பார்த்தான். விலாவில் ஒன்று. முகத்தில் ஒன்று.

பல் உடைந்தது. அவள் அசையவில்லை.

பலகையைப் போட்டுவிட்டு ஓடினான். ஓடும்போதே என்னமாய் அழுதான், படுபாவி.

"ஐயோ, வழுக்கி விழுந்து முங்கிச் செத்துப் போனாளே!"

ஏழெட்டுப் பேர் ஓடி வருகிற சத்தம். ரோசம்மாவின் ஓலம் எல்லாருக்கும் முன்னால் வந்தது. இருபது வருஷமாக இந்த உப்பளத்தில் உப்பு வாருகிறவள்.

கரைக்கு வந்ததும் அவள் ஓலம் நின்றது.

"முங்குனாளா? இந்தக் குழியிலயா? இதுல மெனக்கெட்டாலும் முங்க முடியாதே. நீ என்னல செஞ்ச?"

அவன் அழுகையும் நின்றது.



பேச்சித்தாய் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள். பிறகு, எல்லாரும் பார்க்க, கையை நீட்டி அவனைக் காட்டினாள்.