டிவி சத்தம்

"அக்கா, இருபது வருஷத்துக்கு முன்னாடி ஆபரேஷன் இல்லாம, கர்ப்பப்பையில மாத்திரை வச்சுக் கருத்தடை செஞ்சுக்கிட்டீங்களா?" வாசலில் நின்ற நர்ஸ் கையிலிருந்த படிவத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"மெதுவாப் பேசும்மா, உள்ளே அவர் இருக்கார்!" வீட்டுக்காரம்மா அறைக் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். "நான் அப்படி எதுவும் செஞ்சுக்கல."

உள்ளே டிவி சத்தம் கூடியது.

"பாத்தியா, எரிச்சலாயிட்டார். இன்னொரு குழந்தைக்கு ஆசைப்பட்ட மனுஷன். தெரிஞ்சா வீடு ரெண்டாயிடும். கிளம்பு."

"அந்த மாத்திரையால புற்றுநோய் வரும்னு உறுதியாகலக்கா. வராதுன்னும் அடிச்சுச் சொல்ல முடியல. அதான் வச்சுக்கிட்டவங்களைத் தேடித் தேடிப் பாக்கறோம். ரத்தப்போக்கு ஏதாவது இருக்கா?"

இரண்டு மாதமாக இருந்தது. "இல்ல" என்றாள். பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"ஆஸ்பத்திரியோட பழைய ரெஜிஸ்டரைக் கரையான் தின்னுடுச்சுன்னாங்களே? என் பேரு எப்படிக் கிடைச்சுது?"

"நேத்து ஒருத்தர் வந்து எழுதிக் கொடுத்தார்."

நர்ஸ் படிவத்தைத் திருப்பிக் காட்டினாள். மாதாமாதம் மளிகைப் பட்டியல் எழுதும் அதே சாய்ந்த எழுத்து.

'எனக்கு அப்போதே தெரியும். பயந்து மறைத்தாள், நானும் கேட்கவில்லை. இப்போது ரத்தம் போவதையும் மறைக்கிறாள். வீட்டுக்கு வந்து கேளுங்கள். அவள் தயங்காமல் பேச, நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறேன்.'

சத்தம் இன்னும் ஒரு படி ஏறியது.

"எழுதிக்கோம்மா. ரெண்டு மாசமா இருக்கு."

அவள் கதவை விரியத் திறந்தாள்.

"போதும், குறைங்க. காது செவிடாகுது. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு என்னை யார் கூட்டிட்டுப் போறது?"