முன்னால் தள்ளிய இருக்கை

ஒஹையோவின் அக்டோபர் வெயில், புதுப்பித்த பழைய மஸ்டாங் காரின் சிவப்பில் வழுக்கிக்கொண்டிருக்கிறது. பழைய கார்களைச் சேர்க்கும் கெஸ்லர் விலைபேசி முடித்துவிட்டு, ஓட்டிப் பார்க்க உள்ளே நுழைகிறான். முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கிறது. "யாருக்குய்யா சீட்டை இப்படி முன்னால தள்ளி வச்சிருக்கீங்க? சின்னப் பிள்ளைக்கா?" காரை விற்கும் வெர்லின், துடைத்த முன்கண்ணாடியையே மறுபடி துடைக்கிறார். வராந்தாவில் சக்கர நாற்காலியில் அவர் மனைவி ஆர்டித். அது அவளுடைய வண்டி. பக்கவாதத்துக்குப் பிறகு அவள் திரும்ப ஓட்டுவாள் என்றுதான் திருகாணி திருகாணியாகக் கழற்றிப் பூட்டினார். இருக்கையை மட்டும் அவள் விட்ட இடத்திலேயே வைத்திருந்தார். "இந்தக் குட்டச்சிக்கு வச்சது தம்பி. பின்னால தள்ளிக்கோ" என்கிறாள் அவள். "ஆர்டித்..." என்கிறார் வெர்லின். "நீ சும்மா இரு. அந்தாளு முட்டியை உடைச்சுக்கணுமா?" இருக்கை கிறீச்சிட்டபடி கடைசிவரை பின்னால் போய் நிற்கிறது. இன்ஜின் உறுமுகிறது, வராந்தா ஜன்னல்கள் நடுங்குகின்றன. நாற்காலியின் மிதிபலகையில் ஆர்டித்தின் வலது கால் மெல்ல அழுந்துகிறது. கிளட்சை மிதிக்க வேண்டிய இடது கால், காலையில் வெர்லின் தூக்கி வைத்த இடத்திலேயே, அவர் போட்டுவிட்ட ஷூ முடிச்சோடு கிடக்கிறது.