பேய்க்கணவாய் சொன்ன தீர்ப்பு

பாறைப் பொந்துக்குள் ஒரு பேய்க்கணவாய், இரைகூட எடுக்காமல் வாரக்கணக்காகத் தன் முட்டைகளுக்குக் காவல் இருந்தது. கொஞ்சம் கண் அசந்தாலும் நண்டு உள்ளே புகுந்துவிடும். அலுப்பில் எட்டுக் கையும் அதற்குக் கனத்தன.

அன்றைக்கு முக்குளிக்கும் ஆள் ஒருவர், எதை வாங்கலாம் என்று சோதித்துப் பார்க்க இரண்டு டார்ச் லைட்டுகளோடு இறங்கி வந்தார். பொந்துக்கு நேரே வந்ததும் இரண்டுக்கும் சண்டை மூண்டது.

“நான் இருபது வாட், தெரியுமில்ல?” என்றது பெரியது.

“வாட்டெல்லாம் நீ குடிக்கிற பேட்டரிக் கணக்குடா. வெளிச்சத்துக்கு லூமன்தான் பாக்கணும். அதுல நான்தான் கூட,” என்றது சின்னது.

“அக்காவையே கேட்டுடலாம். அக்கா, யார் வெளிச்சம் அதிகம்?”

இரண்டும் கணவாயின் முகத்திலேயே வெளிச்சம் அடித்தன.

“முட்டையைப் பாக்கணும், போங்கப்பா,” என்று அது முனகியது.

“சொன்னாத்தான் போவோம்.”

“என்னத்தைச் சொல்ல? நீங்க வந்ததிலேர்ந்து எனக்குக் கண்ணே தெரியல.”

“பாத்தியா, என்னாலதான்!” என்றது பெரியது.

“போடா, என்னாலதான்!” என்றது சின்னது.

அதே சண்டையோடு இரண்டும் மேலே போய்ச் சேர்ந்தன. கணவாய் இருட்டில் கைகளை நீட்டி முட்டைகளைத் தடவித் தேடியது. முதலில் தட்டுப்பட்டது நண்டின் ஓடு.