எது கறுப்பு?

கடையில் பிலோமினா கண்ணை மூடிக்கொண்டுதான் சதுரங்கக் காய்களைத் தேர்ந்தெடுத்தாள். முதல் செட்டில் மந்திரியும் சிப்பாயும் விரலுக்கு ஒன்றுபோலவே வழுக்கின. அடுத்ததில் குதிரைக்குக் காதே இல்லை. மூன்றாவதில்தான் மரத்தில் செதுக்கிய பிடரி மயிர்கூட விரலில் நெருடியது. அதையே வாங்கிவந்து கணவன் மடியில் வைத்தாள். பார்வை போனதிலிருந்து ஆட்டத்தையே மறந்திருந்த சவரிமுத்து, ஒவ்வொரு காயாகத் தடவிப் பார்த்தான். பிறகு கைக்கொரு குதிரையைத் தூக்கிக் காட்டி, “இதுல எது கறுப்பு?” என்றான்.

நிறத்தைப் பற்றி பிலோமினா யோசிக்கவே இல்லை.

“மாத்திட்டு வந்துருதேன்.”

“ஏட்டி, வேண்டாம். நூல்கண்டை எடுத்துட்டு வா. கறுப்புக்கெல்லாம் கழுத்துல கட்டிருவோம்.”

அவள் கறுப்புக் குதிரையின் கழுத்தில் நூலைச் சுற்றி இழுத்தாள். முடிச்சு நழுவப் பார்த்தது. அவன் விரல் தானாகத் தேடி வந்து அதன்மேல் அழுத்தி நின்றது.