ஒன்றரைக் கட்டை

"வீட்ல அவளுக்குத் தெரிய வேண்டாம்."

கிட்டார்ப் பெட்டியை மேசைமேல் வைத்த கையோடு அவர் சொன்னது இதைத்தான். ரிப்பேர்காரருக்கு அங்கேயே மனசு கசந்துவிட்டது.

இருபது வருஷமாக வருகிற ஆள். அவர் வாசிக்க, மனைவி பாட, சனிக்கிழமை தவறாமல் ஏதாவது ஒரு ஹோட்டல் மேடையில் இருப்பார்கள். நாலு மாதமாக அந்தம்மாவுக்கு உடம்பு சரியில்லை, கச்சேரியும் இல்லை. வருகிற சனிக்கிழமைதான் மறுபடி மேடை ஏறுகிறார்களாம்.

நல்ல விஷயம்தானே என்று ரிப்பேர்காரர் பெட்டியைத் திறந்தார். இருக்கிற மெல்லிய கம்பிகளைக் கழற்றிவிட்டுத் தடித்த கம்பி போட வேண்டுமாம். சுருதியை ஒன்றரைக் கட்டை கீழே இறக்கி வைக்க வேண்டுமாம்.

ரிப்பேர்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். தாடி வெளுத்த வயசில் முரட்டுச் சத்தத்தின் மேல் ஆசை வந்துவிட்டது போலிருக்கிறது.

"கீழ் சுருதி வேணும்னா விரலை மாத்தி வெச்சு வாசிக்கலாமே. கிட்டாரை ஏன் போட்டுப் படுத்தணும்?"

"விரல் பழைய இடத்துலதான் இருக்கணும்."

தடித்த கம்பி உட்கார வேண்டுமானால் மேல்முனையில் கம்பி பதிகிற காடிகளை அராவ வேண்டும், அராவினால் அராவியதுதான், நாளைக்குப் பழைய கம்பி வேண்டும் என்று வந்தால் அது லொடலொடவென்று ஆடும் என்றெல்லாம் ரிப்பேர்காரர் சொல்லிப் பார்த்தார்.

"பழைய கம்பி இனிமே வேண்டாம்" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "வேலை முடிஞ்சதும் சீட்டு கட்டுவீங்களே, அதைக் கட்டாதீங்க."

ரிப்பேர்காரரின் வழக்கம் அது. என்ன கம்பி, என்ன சுருதி, என்ன வேலை என்று ஒரு துண்டு அட்டையில் எழுதிக் கிட்டாரின் தலையில் கட்டித்தான் அனுப்புவார். உள்ளதை உள்ளபடி சொல்கிறவர் என்று அவருக்குப் பெயர், அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஆசை ஆசையாக வாங்கி வந்த கிட்டாரை 'இது வெறும் ப்ளைவுட்' என்று சொல்லி இரண்டு பேரை இதே கடையில் அழ வைத்திருக்கிறார்.

மூன்று நாள் வேலை இழுத்தது. காடிகளை ஒவ்வொன்றாக அராவினார். புதுக் கம்பிகள் இழுத்த இழுப்பில் கிட்டாரின் கழுத்து முன்பக்கம் வளைந்தது. கழுத்துக்குள் ஓடுகிற இரும்புத் தண்டைச் சாவி போட்டுக் கால் சுற்று முறுக்கி, ஒரு நாள் அப்படியே விட்டு, மறுபடி கால் சுற்று முறுக்கினார். கோபம் இருந்தது. ஆனாலும் கை வேலையில் குறை வைக்கவில்லை.

முறுக்கும்போதெல்லாம் அதே நினைப்புதான். நாலு மாதம் படுத்துக் கிடந்து எழுந்து வருகிற மனுஷி. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இந்த ஆள் சுருதியை மாற்றி வைத்தால், மேடையில் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல நிற்க மாட்டாளா?

வெள்ளிக்கிழமை மதியம் அந்தம்மாவே வந்து நின்றாள். கழுத்தில் மெல்லிய துணி சுற்றியிருந்தாள். கிட்டாரைச் சும்மா சர்வீஸுக்கு விட்டிருப்பதாக அவர் வீட்டில் சொல்லியிருந்தாராம். இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தாளாம், அவருக்கு அலைச்சல் மிச்சமாகட்டும் என்று தானே வாங்கிப் போக வந்துவிட்டாளாம்.

ரிப்பேர்காரர் ஒரு கணம் யோசித்தார். பிறகு துண்டு அட்டையை எடுத்து எழுதினார், அவள் கண் முன்னாலேயே கட்டினார்.

"அவர் கட்ட வேண்டாம்னு சொன்னாரு. எனக்கு மனசு கேக்கலைம்மா. படிச்சுப் பாருங்க."

அவள் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"அப்போ அவர் பழைய இடத்துலயே விரல் வெச்சா?"

"பாக்கறதுக்குப் பழசு மாதிரியேதான் இருக்கும். சத்தம் மட்டும் ஒன்றரைக் கட்டை கீழ வரும். அதைத்தான் உங்ககிட்ட மறைக்கப் பாத்தாரு."

அவள் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கண் நிறைந்துவிட்டது. பேசியபோதுதான் ரிப்பேர்காரர் கவனித்தார், அந்தக் குரல் நாலு மாதத்துக்கு முன்பு இருந்த குரல் இல்லை.

"எனக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆச்சு. பழைய உயரம் இனி எட்டாதுன்னு டாக்டர் என்கிட்ட மட்டும்தான் சொன்னார். நான் இவர்கிட்ட மூச்சு விடலை. வீட்ல பாடிப் பாக்கும்போது மேல போக முடியாம நிறுத்துவேன், தூசின்னு சொல்லிச் சமாளிப்பேன். அவரும் ஆமா தூசிதான்னு எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார்."

அட்டையில் எழுதியிருந்ததை விரலால் தடவினாள்.

"எந்தப் பாட்டுக்கு எந்த இடம்னு எனக்கு மனப்பாடம். அவர் விரலைப் பாத்துத்தான் பாட்டை எடுப்பேன். விரல் இறங்கினா எனக்குத் தெரிஞ்சுடும்னு, கிட்டாரையே இறக்கிட்டார்."

ரிப்பேர்காரருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. மூன்று நாளாக அந்த மனுஷனை மனசுக்குள் திட்டித் தீர்த்தது நினைவுக்கு வந்து கூசியது.

அவள் அட்டையை மெதுவாக அவிழ்த்து ரிப்பேர்காரர் கையில் வைத்தாள்.

"நீங்க கட்டலை. நான் படிக்கலை. அவர் சந்தோஷமா வாசிக்கட்டும்."

நான் பொய் சொன்னதே இல்லையேம்மா என்று அவர் இழுக்கும்போதே மேசைமேல் இருந்த போன் அடித்தது. அவள் கணவர்தான்.

"அவ அந்தப் பக்கம்தான் வந்திருக்காளாம். ஒருவேளை கடைக்கு வந்தாலும் வருவா. சீட்டு எதுவும் கட்டலையே?"

ரிப்பேர்காரர் அந்தம்மாவைப் பார்த்தார். அவள் கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டிருந்தாள்.

"கட்டலைங்க" என்றார், உள்ளங்கையில் இருந்த அட்டையை இறுக்கிக்கொண்டு.